ஆளில்லாத லயம்

எங்கள் லயத்தில் இருபத்துநான்கு காம்பராக்கள். மேற்கே பார்த்துப் பன்னிரண்டு, கிழக்கே பார்த்துப் பன்னிரண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு காம்பரா என்பது ஓர் அறை, அதற்கு முன்னால் குனிந்து நுழைகிற ஓர் இஸ்தோப்பு. அடுப்பு, விறகு, கோழிக்கூடை எல்லாம் அந்த இஸ்தோப்பில்தான். நான் பிறந்தது கிழக்கு வரிசையில் ஐந்தாவது காம்பராவில்.

எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு எதுவும் மனதில் நிற்பதில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிடுவேன். மருமகள் வாசலில் எடுத்து வைக்கிற குப்பைப் பைகளை எண்ணி, நேற்று மூன்றுதானே, இன்றைக்கு ஏன் ஐந்து என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். நகர சபை வண்டி ஒரு நாள் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. "மாமாவுக்குக் குப்பைன்னா பயம்" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அந்தக் குப்பை எங்கே போய் விழுகிறது என்பதுதான் என் கவலை. அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இருபத்துநான்கில் ஏழு காம்பராக்களின் கதவுகளில் குறுக்கே பலகை அடித்திருந்தது. அங்கே இருந்தவர்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு குடும்பம் கப்பலுக்குக் கிளம்பிய அன்றே தோட்டத்துக் காவல்காரர் ஆணியும் சுத்தியலுமாக வந்துவிடுவார். விட்டுவைத்தால் வேறு யாராவது குடியேறிவிடுவார்களாம். மீதிப் பதினேழில் ஆட்கள் இருந்தார்கள், பிள்ளைகளையும் சேர்த்து எழுபத்தொன்பது பேர். நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியன். பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக இருந்தேன். லயத்தில் என் அக்கா இருந்தாள், கிழக்கு வரிசையின் கடைசிக் காம்பராவில்.

அக்காவின் கணவர் எழுபதுகளின் நடுவில் வந்த பஞ்சத்தில் இறந்து போனார். அதற்கு முன்பே இருவரும் இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் இப்படி ஆளுக்கொரு நாடு என்பது எங்கள் பக்கம் அதிசயம் இல்லை. அவளுக்குப் பாஸ்போட்டும் வந்துவிட்டது. அவள்தான் போகவில்லை. கேட்டால், "அங்க எனக்கு யாரு இருக்கா? ராமேஸ்வரத்துல எறங்கி எந்தப் பக்கம் திரும்புறதுன்னு கூடத் தெரியாது. இங்க பீலி இருக்கு, கொல்லையில நாலு போஞ்சிக் கொடி இருக்கு, நீ இருக்க" என்பாள். அந்த வரிசையில் பீலி முதலாவது, நான் கடைசி.

பீலி அவள் காம்பராவை ஒட்டியே இருந்தது. மேலே ஏழாம் நம்பர் மலையின் பள்ளத்தில் ஓர் ஊற்று. அதிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் குழாய் ஒன்று இறங்கி வந்து, கல் தொட்டியில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எந்தக் கோடையிலும் அது நின்று நான் பார்த்ததில்லை. லயத்துக்கே அந்த ஒரு தண்ணீர்தான்.

ஒரு நாள் தபால் கந்தோருக்கு டவுனுக்குப் போனவன், நகர சபைச் சுவரில் சிங்களத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தலைப் படித்தேன். டவுன் குப்பையைக் கொண்டுபோய்ப் பிரிக்க ஒரு நிலையம் வரப்போகிறது. போத்தல், தகரம், கடதாசி ஆகியவற்றை வேறாக்கி விற்பார்கள், மிச்சத்தை மக்க வைத்து உரமாக்குவார்கள், உரம் தோட்டத்துக்கு இலவசம். இடம் எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் கைவிட்ட இரண்டு ஏக்கர். கீழே ஒரு வரி: சுற்றிலும் தேயிலை, குடியிருப்பு வீடுகள் இல்லை.

நான் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு நேரே உள்ளே போனேன். அங்கிருந்த கிளார்க் மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார்.

"குடியிருப்பு இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எங்கள் லயம் இருக்கிறது. பதினேழு குடும்பம்" என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"லயம் வீடு ஆகாதே, மாத்தயா. அது தோட்டத்துக் கட்டடம். வீடென்றால் கதவில் இலக்கம் இருக்கும், சபைக்கு வரி வரும். உங்கள் லயத்துக்கு இலக்கம் இருக்கிறதா?"

"இல்லை. ஆட்கள் இருக்கிறார்கள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுதுவதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் பெரிது. கண்டியிலிருந்து ஒரு மாத்தயா நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். ஆட்கள் இருந்தால் அவர் கண்ணில் படாமலா போகும்?"

அந்த வார்த்தையை நான் பத்திரமாக லயத்துக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு இஸ்தோப்பில் கூட்டம் கூடியது. தலைவர் என்றால் லயத்து ஆட்களுக்காக, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசுகிற தொழிற்சங்கத் தலைவர். கங்காணியும் வந்திருந்தார். பெண்கள் வாசலை ஒட்டி ஓடும் சாக்கடைக் கானுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அதற்குள் அந்த நிலையத்துக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். கொழுந்தைத் தேயிலையாக்குகிற ஆலையை ஸ்டோர் என்போம், இது குப்பை ஸ்டோர்.

"வாரவரு கண்டியில இருந்து வாராரு. நம்ம லயத்த இந்தக் கோலத்துல பாத்தா என்னா நெனப்பாரு?" என்றார் தலைவர். "இவனுங்களே குப்பையிலதான் கெடக்குறானுங்க, பக்கத்துல இன்னங் கொஞ்சம் கொட்டுனா என்னா கெட்டுப்போவுதுன்னு எழுதிட்டுப் போயிருவாரு. நாம யாருன்னு காட்டணும்ல? பெரிய தொரை வரும்போது எப்பிடி வச்சிருந்தோம்? அப்பிடி வைக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய துரை வருவது என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக் காலத்தில் கொழும்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரத் துரை தோட்டம் பார்க்க வருவார். அதற்கு முன்னால் கான் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அன்று விடியற்காலையிலேயே சமைத்து முடித்து அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிவிட வேண்டும். கொடியில் துணி தொங்கக் கூடாது. கோழிகளைக் கூடையால் மூடித் தேயிலைக்குள் வைக்க வேண்டும். கைப்பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவுக்கு, படிக்கிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, நோயாளிகள் மருந்துக் காம்பராவுக்கு, மற்ற எல்லோரும் மலைக்கு. வேலை நாளில் லயத்தில் ஒரு தலை தெரிந்தால் கங்காணியின் பிழைப்புப் போய்விடும். வெள்ளைக்காரன் போய், தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரைமார் சிங்களவராகி ஆண்டுகள் ஆகியும், பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும்.

அக்கா மட்டும் கானைத் தாண்டி வந்தாள்.

"தலைவரே, அவரு பாக்க வாரது செவுத்தயா? தண்ணியத்தானே? நா பீலிகிட்ட கொடத்தோட நிக்கிறேன். ஒரு வாய் குடிச்சுப் பாருங்கய்யான்னு குடுக்கிறேன்."

"வேல நாள்ல பொம்பள லயத்துல நின்னா தொரை என்னையத்தான் புடிப்பாரு" என்றார் கங்காணி. "ஒனக்கும் பேரு விழாது, அன்னிக்குக் கூலி இல்ல."

"ஒரு நா பேரு விழாட்டி நா செத்துர மாட்டேன், கங்காணியாரே."

பின்னாலிருந்து ஒருவன், "அக்காவ நிப்பாட்டுனா வாரவரு ஜீப்ப விட்டுட்டு ஓடிருவாரு" என்றான்.

"ஓடட்டுமே. குப்பையையும் கூடவே கொண்டுக்கிட்டு ஓடட்டும்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பேச்சு முடிந்துபோனது. தலைவரும் நானும் மட்டும் லயத்தில் நிற்பது, மற்றவர்கள் வழக்கம்போல மலைக்குப் போவது என்று தீர்மானித்தார்கள்.

தலைவர் துரையிடம் பேசிச் சுண்ணாம்பு வாங்கி வந்தார். துரை கேட்டவுடனே கொடுத்தாராம். அது தலைவருக்குப் பெருமையாக இருந்தது. சுவரெல்லாம் அடித்தார்கள். பலகை அடித்த ஏழு கதவுகளும் மழையில் கறுத்துக் கிடந்தன. வெள்ளைச் சுவருக்கு நடுவில் அவை அசிங்கமாகத் தெரிகின்றன என்று பலகையோடு சேர்த்து அவற்றுக்கும் அடித்தார்கள். அப்புறம், ஆள் இருக்கிற கதவு மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவற்றுக்கும். கடைசியில் இருபத்துநான்கும் ஒரே வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் எது பூட்டு, எது பலகை என்று எனக்கே தெரியவில்லை.

குறித்த நாளில் ஜீப் வந்தது. கண்டி அதிகாரி, நகர சபை ஆள் ஒருவர், எங்கள் துரை, மூன்று பேர். அதிகாரி நடுத்தர வயது. முகத்தில் கெடுதல் இல்லை. முதலில் மேலே போய் இடத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி லயத்துக்கு வந்தார். தலைவர் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட்டார். அதிகாரி இஸ்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வரிசை நெடுக நடந்தார். நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன்.

"மிகவும் துப்புரவாக இருக்கிறதே" என்றார்.

தலைவருக்கு அந்த அளவு சிங்களம் புரியும். முகம் மலர்ந்து போனது.

"இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், இஸ்கோல மாத்தயா?"

"பதினேழு குடும்பம். எழுபத்தொன்பது பேர்."

அவர் ஓர் அடுப்பின் முன்னால் நின்றார். அடுப்பு மெழுகியிருந்தது. குச்சியால் கிண்டினார். சாம்பல் இல்லை.

"எங்கே அவர்கள்?"

"வேலைக்குப் போயிருக்கிறார்கள்."

"எல்லோருமா? ஒரு கிழவர் இல்லை, ஒரு பிள்ளை இல்லை. கோழிகூட இல்லை. நானும் கிராமத்தில் பிறந்தவன்தான். எழுபத்தொன்பது பேர் இருக்கிற இடத்தில் ஒரு குப்பைகூட இருக்காதா?"

நீங்கள் வருகிறீர்கள் என்று கூட்டினோம் என்றேன். அவர் துரையைப் பார்த்தார். துரை ஆங்கிலத்தில், நிறையப் பேர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்றும், மிச்சம் இருக்கிற சிலரையும் மலைக்குக் கீழே உள்ள பணிய லயங்களுக்கு இறக்குகிற யோசனை இருக்கிறது என்றும் சொன்னார். அப்படி ஒரு யோசனை இருப்பதை நானும் தலைவரும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். அதிகாரி பக்கத்திலிருந்த ஒரு கதவைத் தொட்டார். சுண்ணாம்புக்கு அடியில் பலகையும் ஆணியும் கையில் தட்டுப்பட்டன. அடுத்த கதவையும் தொட்டார். அதிலும் பலகை. அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டையும் அவர் தொட்டது எங்கள் விதி என்று தலைவர் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதோ, அவர்கள்தான்" என்று நான் எதிர் மலையைக் காட்டினேன். பச்சைக்கு நடுவில் கொழுந்துக் கூடைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. இருபத்தாறு புள்ளிகளை எண்ணியதாக ஞாபகம். அதில் ஒன்று அக்கா.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அவர்கள் எந்த லயமோ" என்றார்.

"பகல் கொழுந்து நிறுக்க இறங்குவார்கள், மாத்தயா. அதுவரைக்கும் இருந்தால் ஒவ்வொருவரையும் நான் காட்டுகிறேன்."

கினிகத்தேனைப் பக்கம் இன்னொரு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். பீலிப் பக்கம் அவர் வரவே இல்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் தலைவரைச் சுற்றிக்கொண்டார்கள். துப்புரவாக இருக்கிறது என்று சொன்னார், வாயால் சொன்னார் என்று தலைவர் நான்கு தடவை சொன்னார். ஐந்தாவது தடவை அவர் குரல் எடுபடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

நான் மனு எழுதினேன். பதினேழு குடும்பத்தையும் பெயர் போட்டு, கைநாட்டு வைத்து, மூன்று இடங்களுக்கு அனுப்பினேன். பதில் ஓரிடத்திலிருந்தும் வரவில்லை. பல மாதம் கழித்து அந்தக் கிளார்க்கை டவுனில் கண்டேன். கண்டியிலிருந்து வந்த முடிவில் எங்கள் லயத்தைப் பற்றி இருந்ததை மட்டும் சொன்னார்: ஆளில்லாத லயம்.

வேலி போட்டார்கள், தகரக் கொட்டகை போட்டார்கள். டிராக்டர்கள் வர ஆரம்பித்தன, காலையில் இரண்டு, பிற்பகலில் ஒன்று. முதல் சில மாதம் சொன்னபடியே போத்தலும் தகரமும் பிரித்தார்கள். பிறகு பிரிக்கிற ஆட்களுக்குக் கூலி நின்றதோ என்னவோ, அவர்கள் வரவில்லை. டிராக்டர்கள் மட்டும் வந்தன. மார்க்கெட் அழுகல், இறைச்சிக் கடைக் கழிவு, ஆஸ்பத்திரிப் பஞ்சு எல்லாம் ஒரே மேடாக ஏறியது. உரம் என்று சொல்லி ஒரு தடவை ஏழாம் நம்பரில் பரப்பினார்கள். அதில் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. வெறுங்காலோடு கொழுந்தெடுக்கிற பெண்கள் கிழிந்த காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலை ஏறினார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் பீலித் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் சாயத் தண்ணீர் போல. அப்புறம் மேலே எண்ணெய்ப் படலம். அக்கா சேலைத் துண்டை நான்காக மடித்துக் குழாயின் வாயில் கட்டினாள். துணியில் புழு தங்கியது. காய்ச்சினாலும் வாடை போகவில்லை. மேற்கு வரிசை மூன்றாவது காம்பராவில் ஒரு கைக்குழந்தை வயிற்றோட்டத்தில் இறந்து போனது. எழுபத்தொன்பதாவது ஆளாக நான் எண்ணியிருந்தது அந்தக் குழந்தையைத்தான். அப்போது பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மருந்துக் காம்பரா ஐயா அந்தத் தண்ணீரை இனிக் குடிக்க வேண்டாம் என்றார். வேறு எதைக் குடிப்பது என்று அவர் சொல்லவில்லை.

பணிய லயத்துப் பீலிக்குப் போனார்கள். அங்கே வரிசை நீளமாக இருக்கும். "குப்பை லயத்து ஆளுங்க வந்துட்டாங்க, கொடத்த மூடுங்கடி" என்று அங்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அக்கா பதிலுக்கு, "மூடு, மூடு. ஒன் வாயையும் சேத்து மூடு" என்பாளாம். ஒரு நாள் குடம் உடைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. ஆறு குடும்பம் பணிய லயத்துக்கு இறங்கியது, ஐந்து இந்தியாவுக்கு, இரண்டு வவுனியாப் பக்கம்.

அக்காவும் பணிய லயத்தில் ஒரு காம்பரா கேட்டுத் தோட்டத்துக் கந்தோருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பாஸ்போட் வந்தவர்களுக்குப் புதிதாகக் காம்பரா கொடுக்க முடியாது, அவர்கள் போக வேண்டிய ஆட்கள் என்றார்கள். இருந்த இடத்தில் இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இடம் மாறக் கேட்டவுடன் அவள் எந்த நாட்டு ஆள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"எங்கிட்ட வந்துரு" என்றேன், திரும்பி வருகிற வழியில்.

"ஒரு அறை. நீங்க ஆறு பேரு. நா எங்க படுக்கிறது, கரும்பலகை மேலயா?"

"எப்படியாவது சமாளிக்கலாம்."

"சமாளிக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு, தம்பி." கொஞ்ச தூரம் போனதும், "ராமேஸ்வரத்துல எறங்குனா எந்தப் பக்கம் திரும்பணும்னு யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லு" என்றாள்.

கேட்டேன். இறங்கினால் முதலில் முகாமுக்குக் கூட்டிப் போவார்களாம். திரும்புகிற வேலையே இல்லையாம்.

அவள் கிளம்பிய காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது, பெட்டியும் ஒரு மூட்டையும் தயாராக இருந்தன. இஸ்தோப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அடுப்பில் மூன்று விறகை வைத்து எரியவிட்டிருந்தாள். சாம்பலை வாரி வாசலில் கொட்டியிருந்தாள். தேங்காய்ச் சிரட்டை, கிழிந்த பாய், போஞ்சித் தோல் எல்லாம் கானோரம் சிதறிக் கிடந்தன. கொடியில் ஒரு பழைய நீலச் சேலை ஈரமாகத் தொங்கியது. என் அக்கா வாசலில் ஒரு சருகு கிடக்க விடாதவள்.

"என்ன அக்கா இது? கூட்டாமலா போற?"

"கெடக்கட்டும்."

"சேலையை விட்டுட்டியே."

"அதுவும் தொங்கட்டும். யாராச்சும் வந்து பாக்கட்டும்" என்றாள். கதவைச் சாத்தவும் இல்லை.

அட்டன் ஸ்டேசனில் தலைமன்னார்க் கோச்சியில் அவளை ஏற்றினேன். அங்கே எழும் அழுகையைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அக்கா அழவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பிறகு நீலகிரிப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அங்கேயும் தேயிலைதான், தண்ணீர்தான் தூரம் என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

நான் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. நேரே லயத்துக்குப் போனேன். காவல்காரர் வந்துபோயிருந்தார். கிழக்கு வரிசைக் கடைசிக் கதவைச் சாத்திக் குறுக்கே புதுப் பலகை அடித்திருந்தது. அடுப்பை யாரோ தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். வாசல் சாம்பல் மழையில் கரைந்து கானில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மூன்றாவது டிராக்டர் கொட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. இருபத்துநான்கு கதவுகளையும் எண்ணினேன். மூன்றில் பலகை இல்லை.

சேலை கொடியிலேயே நனைந்துகொண்டு கிடந்தது. எடுக்கலாம் என்று கிட்டே போனேன். அவள் சொன்னது ஞாபகம் வந்து, விட்டுவிட்டு வந்தேன்.